முள் காட்டினது மூணு

விளம்பி வருஷம் மாசி ஐந்தாம் நாள், பழவேற்காடு.

காட்டூரில் பயிர் செய்யும் தம்பி திருவேங்கடத்துக்கு அக்காள் காசியம்மாள் எழுதிக்கொண்டது. மாடு கன்று உட்பட உன் வீட்டார் சுகத்துக்கு ஓலை போடவும். இங்கே என் இடுப்பு தவிர எல்லாம் சுகம். இடுப்புக்குக் காரணம் என் நாத்தனார் திரௌபதி.

கார்த்திகைப் புயலில் என் பிள்ளை சிங்காரம் எட்டு நாள் கரை திரும்பாதபோது, அவன் வந்தால் என் எடைக்கு எடை நெல் தருகிறேன்னு அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன், நீயும் வண்டியில் ஆறு மணங்கு அனுப்பினாய், கோயில் தராசுக்கோலோ உளுத்துப்போச்சு. கோட்டைக் கிடங்கில் பாரம் தூக்குற தருமலிங்கம், ஒல்லாந்தர் கப்பியும் சுருள்கம்பித் தராசும் இருக்கு, வா அத்தேன்னான். கப்பிக் கயிற்றில் ஒரு பக்கம் கூடையில் நான், என் தலைக்கு மேலே தராசு, மறுபக்கம் முதலில் ரெண்டு மணங்கு நெல். மெல்லச் சாயும்னு நினைச்சு, பிடிச்சிருந்த கயிற்றைக் கிடங்கு ஆளுங்க விட்டுட்டானுங்க. நான் இறங்கல தம்பி, விழுந்தேன். விழும்போதே திரௌபதி முள்ளைப் பாத்து, "மூணுதான், இன்னா பெரிய உடம்பு"ன்னா. பூசாரி மூணு மணங்கு எடுத்துக்கிட்டார். மீதி மூணை நான் எழுந்திருக்குமுன்னே உன் வண்டியிலேயே திருப்பி அனுப்பிட்டா. என் கல்யாணப் பந்தியில் எனக்கு மடவை மீன் வாலைப் போட்டவதானே, நாப்பத்திரண்டு வருஷமா அவ அளவு மாறல.

அப்புறம் தருமலிங்கம் கணக்குச் சொன்னான். நான் ஆறு, நெல் ரெண்டு. மிச்சம் நாலுதான் இழுக்குது, ஆனா எட்டையும் அசைக்கணும். அதனால கயிறில்லாம விழுந்தா வேகம் எப்படி ஏறுமோ அதுல பாதிதான் ஏறிச்சு. என் ஆறுல பாதி விழறதுக்கே போச்சு, கயிறு தாங்கினது மூணு. நெல் பக்கமும் அதே மூணுதான்: ரெண்டைத் தாங்கணும், வேகமா மேலே இழுக்க இன்னும் ஒண்ணு. முள் காட்டினது கயிற்றின் இழுப்பு, என் எடை இல்லே. மறுமுனையைத் தூணில் கட்டி அசையாம உட்கார்ந்தேன், ஆறு காட்டிச்சு. அதைப் பாக்க திரௌபதி நிக்கல, தெருவெல்லாம் மூணுன்னு சொல்லப் போயிட்டா.

வெள்ளிக்கிழமை சிங்காரம் மறுபடி கட்டுமரம் தள்றான். பாதி நேர்த்தியோட எப்படி அனுப்புவேன்? உட்கார்ந்தா எழுந்திருக்கிறேன், எழுந்தா கடலைப் பாக்கப் போறேன். அம்மன் கையில தராசா இருக்குன்னு அவன் சிரிக்கிறான். காத்துக் கிடந்தது அவனா, நானா? அந்த மூணு மணங்கை வியாழனுக்குள் ஏத்தி விடு.

உன் பிள்ளைகளுக்கும் வயலுக்கும் அம்மன் குறை வைக்கமாட்டாள்.

அக்காள் காசியம்மாள்

பின்குறிப்பு: ஓலையைக் கட்டும்போது பூசாரி வந்தார். நெல்லைக் கோயிலுக்கு அனுப்ப வேணாம். தருமலிங்கம் சொன்னதைக் கேட்டு, திரௌபதி தன் வீட்டுச் சாப்பாட்டு நெல்லிலிருந்து மூணு மணங்கு அம்மன் வாசலில் கொட்டிட்டாளாம். ஏன்னு கேட்டதுக்கு, "நானும்தான் எட்டு நாள் சோறு திங்கல"ன்னாளாம். அவ பானையில இப்போ ஒண்ணும் இருக்காது. வண்டி நெல்லை அவ வீட்டுல இறக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்ல வேணாம்.