கழுவும் இயந்திரத்துப் பதிவேட்டில் என் கையெழுத்து

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது.

அத்தானையும் பிள்ளைகளையும் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். நான் இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். எந்த நான் என்பதில் இப்போது சின்னச் சிக்கல்.

அத்தான் சிபாரிசில் கிடைத்த வேலை என்பதால் உன்னிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சோதனைக்கூடத்தில் குடுவைகளைக் கழுவ ஓர் இயந்திரம் இருக்கிறதல்லவா, அந்த இயந்திரத்தைக் கழுவுவதுதான் என் உத்தியோகம். தினமும் அடியிலுள்ள வடிகட்டியைக் கழற்றிக் கண்ணாடிச் சில்லைப் பொறுக்க வேண்டும், தண்ணீர் பீய்ச்சும் குழாய்த் துளைகளைக் கம்பியால் குத்தி அடைப்பெடுக்க வேண்டும், கதவு ரப்பரைத் துடைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நான் திங்கட்கிழமையே ஆறு நாளுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டு, வேலையை இரண்டு நாள் மட்டும் பார்த்து வந்தேன். ஊரில் யார்தான் செய்யவில்லை? போன மாதம் ஒரு புதன்கிழமை, நான் தொடாத வடிகட்டியைத் தற்செயலாகத் தூக்கிப் பார்த்தால் பளபளவென்று இருக்கிறது. மறுநாளும் அப்படியே. யாரோ புண்ணியவான் என்று நினைத்து, மாதம் முழுவதற்கும் ஒரேயடியாகக் கையெழுத்துப் போட்டேன். அங்கேதான் அக்கா என் புத்தி கெட்டது.

மறுநாள் காலை வாசலில் காவலாளி மறித்தார். "என்ன சார், இப்பதானே உள்ள போனீங்க? எந்தப் பக்கமா வெளிய வந்தீங்க?" என்றார். உள்ளே ஓடினேன். இயந்திரத்தின் முன்னால் யாருமில்லை. துடைத்த துணி மட்டும் ஈரத்தோடு, நான் மடிப்பது போலவே நாலாக மடித்துக் கிடந்தது. மேலாளரம்மா வேறு வந்து, "இப்பல்லாம் நல்லா வேலை பாக்கறீங்க, முன்ன மாதிரி வாயும் பேசறதில்ல" என்று பாராட்டினார். பதிவேட்டில் இருந்த என் கையெழுத்தையெல்லாம் அடித்துவிட்டு வந்தேன். விடிந்து பார்த்தால் அடித்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புதிதாக ஒன்று, என்னுடையதைவிட அழகாக.

நேற்று மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டேன். "இப்பதானே படுக்கப் போனீங்க, அதுக்குள்ள எந்திரிச்சிட்டீங்களா? கேக்காமலே பாத்திரமெல்லாம் கழுவி வெச்சீங்களே!" என்று என் வீட்டுக்காரி சிரிக்கிறாள். இருபது வருஷத்தில் அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. படுக்கையறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டவில்லை, திறந்துவிட்டால் என்ன செய்வது? பயமாக இருக்கிறது அக்கா. வேலையும் போய் வீடும் போய்விட்டால் நான் எங்கே போவேன்? பிறந்ததிலிருந்து என்னை அறிந்தவள் நீ ஒருத்திதான். சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். வந்து நிற்பவன் உன் தம்பிதானா என்று நன்றாகப் பார்த்துச் சொல்.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: அக்கா, மேலே உள்ளதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாவம், ஏதோ குழப்பத்தில் எழுதிவிட்டார். சனிக்கிழமை வண்டியில் வருவது நான்தான். அடையாளம் பார்த்துச் சிரமப்பட வேண்டாம். உங்களுக்கு இனி ஒரே தம்பிதான்.