பொட்டி சாரின் அரை வயிற்று பேட்டரி

தாம்பரத்துக்குத் தெற்கே பறந்த பொம்மை விமானங்களில் பாதிக்கு உயிர் கொடுத்தவர் பொட்டி சார். அவர் மட்டும் ஒரு விமானத்தைக்கூட வெகு காலம் பறக்கவிட்டதில்லை. கல்யாண வீட்டில் நாள் முழுக்கப் பரிமாறிவிட்டுப் பட்டினியாக வீடு திரும்பும் மாமாக்கள் உண்டல்லவா, அந்த ஜாதி.

முடிச்சூருக்கு அப்பால், மனைக்கல் நட்டு வீடு வராமல் கிடந்த வெட்டவெளியில் ஞாயிறு காலைகளில் நாங்கள் கூடுவோம். ரிமோட்டில் பறக்கும் விமானங்கள். நான், ஒரு பல் டாக்டர், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் சிலர், கோவளத்திலிருந்து பைக்கில் வரும் செல்வம். செல்வத்தின் வீட்டில் படகும் மீன் வியாபாரமும். அவன் விமானம் கடல்காற்றில் பழகியதால் எங்கள் விமானங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

இந்தப் பொழுதுபோக்கில் ஒரு கொடுமை உண்டு. பேட்டரி பத்து நிமிஷம்கூடத் தாங்காது. அப்புறம் என் கார் பேனட்டைத் திறந்து, கார் பேட்டரியிலிருந்து ஆளாளுக்கு மின்சாரம் உறிஞ்சுவார்கள். ஒரு ஞாயிறு உறிஞ்சிய உறிஞ்சலில் கார் கிளம்பவே மறுத்துவிட்டது. மெயின் ரோடு வரைக்கும் தள்ளினோம். சும்மா வேடிக்கை பார்க்க வந்திருந்த சிட்லபாக்கம்காரர் ஒருவரும் கூடத் தள்ளினார். மூச்சு வாங்க நின்றவர், "அடுத்த வாரம் நான் ஒரு ஏற்பாட்டோட வரேன் தம்பி" என்றார்.

வந்தார். பிளைவுட் பெட்டி. உள்ளே ஒரு குண்டு பேட்டரி, நாலு சார்ஜர், பச்சை எழுத்தில் ஒளிரும் மீட்டர். அன்றே அவர் சொந்தப் பெயரை மறந்துபோய் 'பொட்டி சார்' ஆக்கிவிட்டோம்.

பெட்டி வளர்ந்தது. வெயில் பட்டால் சூடாகும் என்று குடை வந்தது. குடைக்குள்ளும் சூடு என்று ஃபேன் வந்தது. ஃபேன் கரண்ட்டைத் தின்கிறது என்று ஃபேனுக்கென்று தனி பேட்டரி வந்தது. பழைய சூட்கேஸிலிருந்து பிடுங்கிய சக்கரங்கள் முதல் மனைக்கல்லிலேயே உயிரை விட்டன. அதன்பின் அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு ஆள் எப்போதும் நான்தான். "இது போர்ட்டபிள்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். என் இடுப்பைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

சார் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் தீப்பிடித்த கடை, குடோன் எல்லாவற்றின் ஃபைலையும் பார்த்தவர். அதனால் இந்த வகை பேட்டரி தீப்பிடிக்கும் என்று கேள்விப்பட்டதும் மண்சட்டிகள் வந்தன. ஒவ்வொரு பேட்டரியையும் ஒரு சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் போடுவார். சட்டிகள் எங்கிருந்து வந்தன என்பது, அவர் வீட்டில் மீன் குழம்பு திடீரென்று எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாறியபோது தெரிந்தது.

பேட்டரிக்காரர் சட்டி பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்பது சட்டம். பல் டாக்டர் ஒருமுறை டீ குடிக்க நழுவினார். திரும்பி வருவதற்குள் இவர் வயரைக் கழற்றிவிட்டார்.

"ஏன் சார், பாதியில எடுத்துட்டீங்க?"

"கொழந்தைய ஆஸ்பத்திரில சேத்துட்டு யாராவது டீக்கடைக்குப் போவாங்களா டாக்டர்?"

சாரிடமும் ஒரு விமானம் இருந்தது. மஞ்சள் நிறம். பெட்ஷீட்டில் சுற்றி ஸ்கூட்டரில் கொண்டுவருவார், அப்படியே கொண்டுபோவார். ஒரு வாரம் காற்று என்பார். ஒரு வாரம் வரிசையில் ஆள் நிற்கிறது என்பார். அவர் பேட்டரி மட்டும் எப்போதும் பாதி சார்ஜில் இருக்கும். பறக்காத நாளில் இந்த பேட்டரிகளை முழுசாக ஏற்றி வைத்தால் உப்பிக் கெட்டுப்போகும், பாதியில் வைத்தால் நீண்ட நாள் உழைக்கும். நாங்கள் யாரும் கடைப்பிடிக்காத விதி அது. அவர் கடைப்பிடித்தார். யாரும் தவறி எடுத்துவிடக் கூடாதென்று அதற்கு வேறு மாதிரி பிளக்கும் வைத்திருந்தார். எங்கள் பேட்டரி எதுவும் அவர் விமானத்தில் சேராது.

ஒரு சனிக்கிழமை போன் வந்தது.

"தம்பி, ஒரு தப்பு பண்ணிட்டேன். நான் வாராவாரம் ஓட்டறேன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன்."

"சரி சார், அதனால என்ன?"

"பல்டி அடிக்கும்னு வேற சொல்லிட்டேன். நாளைக்கு நேர்ல வந்து பாக்கறாளாம். பறக்கலன்னா பொட்டி பழைய இரும்புக்காரனுக்கு. அவனை நாளைக்கே வரச் சொல்லிட்டா."

சாரின் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்கா மேலும் தப்பில்லை. ஃப்ரிட்ஜ் பக்கத்தில் அந்தப் பூதம் உட்கார்ந்திருந்தால் யார்தான் பொறுப்பார்கள்? சட்டி வேறு போயிருக்கிறது.

"ராத்திரியே ஃபுல்லா சார்ஜ் போட்டு வந்துடுங்க சார்."

"வீட்டுக்குள்ள சார்ஜ் போடறதா?" என்று பதறினார். எத்தனை கிளெய்ம் பார்த்த மனுஷன்.

மறுநாள் அக்கா ஃபிளாஸ்க்கோடு வந்து குடைக்குக் கீழே உட்கார்ந்தார். சார் தன் பேட்டரியைத்தான் முதல் சட்டியில் வைத்தார். அது முழுசாக ஏற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"இருக்கிறதை வச்சு ஒரு ரவுண்டு அடிச்சிடுங்க சார்" என்று காதைக் கடித்தேன்.

"அரை வயித்தோட ஓடச் சொல்லலாமா தம்பி, பாவம்."

மற்ற மூன்று சட்டியிலும் எங்கள் பேட்டரிகள். அப்போது செல்வம் ஓடிவந்தான்.

"சார், என்துது புட்டுக்கிச்சு சார். இன்னும் ஒரே ரவுண்டு. படகு வந்துகினு கீது, நான் ஏலத்துக்குப் போவணும்."

சார் அக்காவைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். தன் பேட்டரியைக் கழற்றிவிட்டு செல்வத்தினுடையதை வைத்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சார், இன்னிக்காவது!"

"அவனுக்கு வேலை இருக்கு. நமக்கென்ன அவசரம்?" என்றார். ஆனால் கை, பேட்டரி துடைக்கும் துணியைப் பிசைந்துகொண்டிருந்தது.

பல் டாக்டர்தான் எழுந்தார். சட்டிக்காக எங்களோடு மல்லுக்கு நிற்கும் ஆள், தன் பேட்டரியைத் தானே வெளியே எடுத்து, "இங்க வைங்க சார்" என்றார். விமானங்களெல்லாம் புல்லில் கிடந்தன. எல்லோரும் அந்த ஒரு சட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். செல்வத்தின் பேட்டரி இதற்குள் ஓரளவு ஏறியிருந்தது. அவன் அதைத் தொடவே இல்லை.

"ஏம்ப்பா, உனக்கு நேரமாகலையா?" என்று அக்கா கேட்டார்.

"வூட்டுல பாத்துப்பாங்கக்கா. சாரோட பிளேனு மேல போனப்புறம் போறேன்."

கடைசியில் சார்ஜ் முடிந்து பெட்டி பீப் என்றது. செல்வம் விமானத்தைக் கையில் ஏந்தி ஓடி வீசினான். மஞ்சள் விமானம் ஒருமுறை தரையைப் பார்த்துக் குனிந்து, பிறகு மேலே ஏறியது. அகலமாக ஒரே ஒரு வட்டம். அவ்வளவுதான், இத்தனை ஞாயிறும் எங்கள் கையைப் பார்த்தே பழகியவர் பூப்போல இறக்கிவிட்டார்.

"அவ்ளோதானா? பல்டி எங்க?" என்றார் அக்கா.

"ரொம்ப நேரம் ஓட்டினா பேட்டரிக்கு ஆகாது." நெற்றியெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் பெட்டி மறுபடி பீப் அடித்தது. சார் தன் விமானத்தை மறந்து அங்கே ஓடினார். அக்காதான் புல்லில் நடந்துபோய் அதை எடுத்து, மண்ணைத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"வாராவாரம் இதத்தான் பண்றாரா?"

"ஆமாக்கா."

"வீட்ல என் போனை சார்ஜ்ல போடுங்கன்னா பத்து தடவ சொல்லணும்."

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் அடித்தது. பழைய இரும்புக்காரன், வீட்டு வாசலில் நின்றுகொண்டு. சார் சட்டியின் மேல் குனிந்தபடியே அசையாமல் இருந்தார்.

"பொட்டியா? இல்லப்பா, அது வேணும்" என்றார் அக்கா. "பழைய பேப்பர்தான் இருக்கு. சாயந்திரமா வா."

சார் நிமிரவில்லை. செல்வத்தின் பேட்டரியைக் கழற்றி, துணியால் துடைத்து, இரண்டு கையாலும் அவனிடம் கொடுத்தார். அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.