செத்தவீட்டுத் துரையின் சனிக்கிழமைகள்

அவர் இங்கே இருந்த ஒன்றரை வருடத்தில் மட்டக்களப்பு வாவியைச் சுற்றிச் செத்துப்போனவர்களில் பாதிப் பேருக்காவது செத்தவீட்டுத் துரை வந்து இருந்திருப்பார். மற்றப் பாதி, நாள் பார்க்காமல் வார நடுவில் செத்தவர்கள். மனிதருக்குச் சனிக்கிழமை மட்டும்தான் லீவு.

அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவும் இல்லை. எழுபது தாண்டிய வெள்ளைக்காரர். பனி கொட்டும் நாடொன்றிலிருந்து, இரண்டு வருடம் ஊழியம் செய்வதாகத் தங்கள் சபைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, மனைவியோடு வந்தவர். மற்ற நாட்களில் இங்கிலிஷ் வகுப்பும் ஜெபமும். சனிக்கிழமைகளில் இடம் பார்க்க என்னுடைய வான். இப்படி எழுதிப் பிழைக்கத் தொடங்குமுன் நான் வாடகைக்கு வான் ஓட்டி, ஹயர் ஓடிக்கொண்டிருந்தேன். மொழிபெயர்ப்பும் என் தலையில்தான்.

பார்க்க வேண்டிய இடங்களைத் துரைசாணி அம்மா ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். முதலாவது உன்னிச்சைக் குளம். போகிற வழியில் வான் சூடேறி, தண்ணீர் ஊற்ற நிறுத்தினேன். பக்கத்து வீட்டு வேலியில் குருத்தோலைத் தோரணம். கல்யாணத்துக்கு ஒரு மாதிரி மடிப்போம், சாவுக்கு ஒரு மாதிரி மடிப்போம். துரைக்கு ஓலை என்றால் ஓலைதான். நான் நிமிர்வதற்குள் ஒரு பெட்டி சொக்லேட்டோடு பந்தலுக்குள் போய்விட்டார். வாசலில் நின்ற மூத்த மகனின் கையைப் பிடித்து, புத்தகத்தில் படித்த தமிழில், "உங்கள் இல்லத்து மகிழ்ச்சியில் நாங்களும் பங்குகொள்கிறோம்" என்றார்.

நான் ஓடிப்போனபோது பந்தல் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பிரேதம் துரையின் கண்ணில் பட்டுவிட்டது. கையில் சொக்லேட்டோடு அப்படியே நின்றார். நாலு அடி விழும் என்றுதான் நினைத்தேன். அந்த மகனோ ஒரு கதிரையை இழுத்துப் போட்டான்.

"இரிங்க சேர். வந்திட்டிங்க, இரிந்திட்டுப் போங்க."

துரை இருந்தார். பிரேதம் எடுக்கும்வரை இருந்தார். உன்னிச்சைக் குளத்தை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

அதோடு செத்தவீட்டுப் பழக்கம் பிடித்தது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஒவ்வொரு மின்கம்பமாக நின்று மரண அறிவித்தல்களை வாசிப்பார். நாளைக்கு எந்த வழியாகப் போகலாம் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார். தமிழையும் அங்கேயே வளர்த்துக்கொண்டார். வந்தாறுமூலையில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரரிடம், வானில் இருந்த மனைவியைக் காட்டி, "அன்னார் எனது அன்பு மனைவியும், பாசமிகு தாயும் ஆவார்" என்றார்.

கடைக்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வானை எட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "உசிரோடதானே இரிக்காங்க?" என்று கேட்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செத்தவீட்டுப் பந்தலில் ஆண்கள் சீட்டு விளையாடுவார்கள். சபை விதிப்படி துரை சீட்டு விளையாடக் கூடாதாம். ஆகவே, ஆட்டக்காரர் வெற்றிலை துப்ப எழும்பும்போது அவருடைய சீட்டைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருப்பார். நாளடைவில், துப்பிவிட்டு வந்தவர் கேட்டாலும் திருப்பிக் கொடுக்க மாட்டார்.

பெயர் பரவியதும் எனக்குத் தலையிடி. ஒருவர் வானை மறித்துச் சண்டைக்கு வந்தார்.

"எங்கட அப்பாவுக்கு மட்டும் துரை வரல்ல. நாங்க என்ன, ஆளில்லாத ஆக்களா?"

அப்பா செத்தது செவ்வாய்க்கிழமை. நான் என்ன செய்ய?

இத்தனைக்கும் துரைசாணி அம்மா ஒரு செத்தவீட்டிலும் கால் வைத்ததில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு வானிலேயே இருப்பார். ஒருநாள் என் வாய்க்கொழுப்பில், "சேருக்கு இது என்ன பைத்தியம் அம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சத்தம் உயர்த்தாமல் சொன்னார். இங்கே வந்த மூன்றாம் மாதம், என் வானில் ஏறுமுன்பே, அவர்களுடைய ஒரே மகன் பீட்டர் தங்கள் நாட்டில் வாகன விபத்தில் செத்துப்போனான். போய்வரச் சபை விட்டது. துரைதான் போகவில்லை. கொடுத்த வாக்கை நடுவில் விட முடியாது என்றாராம். அவரை விட்டுவிட்டு அம்மாவும் போகவில்லை. மகனைப் புதைத்ததை இருவரும் கைபேசியில் பார்த்தார்கள். நடுவில் சிக்னல் போய்விட்டது.

"அன்றைக்குப் பிறகு மகனின் பெயரை நான் அவருக்கு முன்னால் சொன்னதில்லை. அழுததுமில்லை" என்றார். "யார் யாருடைய சாவுக்கோ போய் இருக்கிறார், பார்த்தாயா? அடுத்த மாதம் நான் தனியாகப் போகிறேன். இனி அவரோடு வாழ மாட்டேன். அவரிடமும் சொல்லிவிட்டேன்."

ஐம்பது வருடக் குடித்தனம். பைத்தியம் என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போகுமுன் வாகரைக் கடலைப் பார்க்க வேண்டும், வழியில் எங்கும் இறங்கக் கூடாது என்றார் அம்மா. துரை தலையாட்டினார். வாகரைக்குக் கிட்டப் போனபோது ஒரு பந்தல் தெரிந்தது. துரை இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு மறுபக்கம் பார்த்தார்.

"நிறுத்த வேண்டாம், தம்பி."

ஆனால் பந்தல் பாதித் தெருவை மறித்து நின்றது. சனம் மீதியை மறித்தது. தோணி கவிழ்ந்து செத்த இளம் மீனவனுடைய வீடு. நான் நிறுத்தியதும் இரண்டு பெண்கள் வந்து வானின் கதவைத் திறந்தார்கள்.

"என்னம்மா, வாசல் மட்டும் வந்திட்டு உள்ளுக்கே இரிக்கிங்க? இறங்குங்க."

வெள்ளைக்காரி, வேற்று ஊர்க்காரி என்றெல்லாம் அவர்கள் பார்க்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்ததால் நானும் வாசல்வரை போனேன். துரை பந்தலில் தங்கிவிட்டார்.

உள்ளே பெண்கள் வட்டமாக இருந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு அழுதுகொண்டிருந்தார்கள். செத்தவனின் தாய் அம்மாவைத் தன் பக்கத்தில் இருத்தினாள். அம்மா கட்டை மாதிரி இருந்தார். தாய் அழுகையை நிறுத்திவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் ஆரும் போயிருக்காங்களா அம்மா?"

மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை.

"மகன்" என்றார் அம்மா.

"அப்ப மகனச் சொல்லி அழுங்க. இஞ்ச எல்லாரும் அவங்கவங்கட ஆக்களையும் சொல்லித்தான் அழுறம். பேர் என்ன?"

"பீட்டர்."

"ஐயோ பீட்டர் மகனே, பெத்தவ முகம் பாக்காமப் போனியே" என்று அவள் தொடங்கினாள். தன் மகனை நடுவில் கிடத்தி வைத்துக்கொண்டு தொடங்கினாள். மற்றப் பெண்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அம்மா அவள் தோளில் விழுந்து அழுதார். வயதான ஒரு மனுஷி அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

பந்தலில் துரை யாருடைய சீட்டையோ பிடித்துக்கொண்டிருந்தார். மகனின் பெயர் உள்ளே இருந்து வந்துகொண்டிருந்தது. சீட்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. யாரும் பொறுக்கவில்லை.

"என் மகன்" என்றார், பக்கத்தில் இருந்த கிழவரிடம். "நான் போகவில்லை."

எழும்பிப் போய் வாசலில் நின்றார். அந்த வட்டத்துக்குள் ஆண்கள் போவதில்லை. அம்மா தலை நிமிர்ந்து அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு சற்று நகர்ந்து இடம் விட்டார். துரைக்கு முழங்கால் மடங்காது. நானும் இன்னொருவரும் பிடித்துத்தான் அவரை நிலத்தில் இருத்தினோம்.

அடுத்த மாதம் இரண்டு பேருமே போய்விட்டார்கள். கொடுத்த வாக்கில் இன்னும் ஆறு மாதம் மீதியிருந்தது.

அம்மா எப்போதாவது செய்தி அனுப்புவார். துரை காலையிலேயே ஒரு மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு மகனின் கல்லறைக்குப் போய்விடுகிறாராம். பனி கொட்டினாலும் இருக்கிறாராம். அந்த ஊரில் அப்படி வந்து கூட இருக்க யாரும் இல்லையாம். அதை வாசித்ததிலிருந்து, அவருக்குப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு வர வேண்டும் போலிருக்கிறது எனக்கு.