இரண்டு பேரும் எப்போது விழுந்தீர்கள்?

ஆங்கிலச் சொற்கள் தனித்தனியாக வரும்போது நல்ல பிள்ளைகள். இரண்டு சேர்ந்து வந்தால்தான் வினை. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. மன்னார் நீதிமன்றத்தில், ஜோர்ஜ் மன்னரின் படத்துக்குக் கீழே நின்று, ஊர் பார்க்கப் படித்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அந்தக் கோட்டில் நகல் எழுதும் கிளாக்கர். பாதிரிமாரின் பள்ளிக்கூடத்தில் ஆங்கில அகராதியை 'எம்' எழுத்து வரைக்கும் மனப்பாடம் செய்திருந்தேன். (மிச்சத்தைக் கறையான் படித்துவிட்டது.) எங்கள் தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். வேலிக்கு மேலால் ஆட்டுக்காரனுக்கும் 'குட் மோர்னிங்' சொல்லும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் முற்றியிருந்தது.

எங்கள் கோட்டு மொழிபெயர்ப்பாளரை எல்லோரும் 'முதலியார்' என்று அழைப்பார்கள். ஒருநாள் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நீதவான் இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரை. மெலிந்தவர், மரியாதையானவர், எந்நேரமும் வியர்த்துக்கொண்டிருப்பவர். இன்றைக்கு யாராவது மொழிபெயர்க்க முடியுமா என்று அவர் கேட்டு முடிக்கும் முன்பே நான் எழுந்து நின்றேன்.

முதல் வழக்கு பேசாலையைச் சேர்ந்த அண்ணன் தம்பி வழக்கு. அண்ணன் சூசை. தம்பி சவிரி, ஏறக்குறைய என் வயதுக்காரன். தகப்பன் விட்டுப்போன வள்ளத்தில் இருவரும் சேர்ந்து தொழில் செய்தவர்கள். அதை விற்றுவிட்டுத் தலைமன்னார் இறங்குதுறையில் வேலைக்குப் போவோம் என்றான் தம்பி. அப்புவின் வள்ளத்தை விற்பதற்கு நான் சாகவேண்டும் என்றார் அண்ணன். பல மாதம் பேச்சில்லை. ஒருநாள் கடற்கரையில் வாய் முற்றி, தம்பி துடுப்பால் அடித்ததில் அண்ணனின் நெற்றி பிளந்தது. அண்ணன் முறைப்பாடு செய்துவிட்டார். குற்றம் உறுதியானால் தம்பிக்கு மறியல், சிறைச் சோறு.

வரும் வழியில் இருவரும் மறுபடி அடிபடாமல் இருப்பதற்காக அவர்களுடைய தங்கை ரோசம்மா நடுவில் நடந்து வந்திருந்தாள். கடைசி வாங்குப் பலகையில், சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சூசை நெற்றிக் கட்டோடு சாட்சிக் கூண்டில் ஏறினார். துரை அன்பாகத்தான் ஆரம்பித்தார். இவரும் தம்பியும் எப்போது 'ஃபோல் அவுட்' ஆனார்கள் என்று கேட்கச் சொன்னார்.

'ஃபோல் அவுட்' என்றால் மனம் கோணிப் பிரிவது. இன்றைக்கு என்னை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், 'ஃபோல்' என்றால் விழு, 'அவுட்' என்றால் வெளியே. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

"நீங்கள் ரெண்டு பேரும் எப்ப வெளியில விழுந்தனீங்கள்?"

சூசை என்னை உற்றுப் பார்த்தார். "எதுக்குள்ளயிருந்து ஐயா?"

நியாயமான கேள்வி. அதைத் துரையிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்கு ஆங்கிலம் போதாது என்று தெரிந்துவிடும். மீன் பிடிக்கிறவர்கள் வேறு எதற்குள்ளிருந்து விழப்போகிறார்கள்?

"வள்ளத்திலயிருந்து" என்று என் சொந்தப் பொறுப்பில் சேர்த்துக் கொடுத்தேன்.

அவருடைய முகம் கறுத்தது. துடுப்படியைவிட இது அவருக்குக் கூடுதலாக வலித்திருக்க வேண்டும். "நாங்கள் விழேல்லை ஐயா. எங்கட அப்பு காலத்திலயும் எங்கட வள்ளத்திலயிருந்து ஒருத்தரும் விழேல்லை. ஆர் இப்பிடிக் கதை கட்டினது?"

நான் ஆங்கிலத்தில் ஒப்புவித்தேன்: இவர்கள் 'ஃபோல் அவுட்' ஆகவே இல்லையாம். தகப்பன் காலத்திலும் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் 'ஃபோல் அவுட்' ஆனதில்லையாம்.

துரை பேனாவைக் கீழே வைத்தார். தலைமுறையாக மனஸ்தாபமே வராத அந்தக் குடும்பத்தின் நெற்றிக் கட்டைச் சிறிது நேரம் பார்த்தார். அப்படியானால் இந்த முறைப்பாட்டையே இவர் 'மேக் அப்' செய்தாரா என்று கேட்டார். இட்டுக்கட்டினாரா என்பதுதான் அவருடைய கேள்வி. எனக்கோ 'மேக்' என்றால் செய், 'அப்' என்றால் மேலே.

"இதை நீங்கள் மேலயோ செய்தனீங்கள்?"

சூசை களைத்துப்போய்விட்டார். "மேல இல்லை ஐயா. கீழ. கடற்கரையில."

கடற்கரையில் வைத்து 'மேக் அப்' செய்ததாகச் சாட்சி ஒப்புக்கொள்கிறார் என்று துரையிடம் சொன்னேன்.

துரையின் காதுகள் சிவந்தன. அடுத்து அவர் சொன்னதில் இரட்டைச் சொல் ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே அதைப் பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன். (அன்று நான் சரியாகச் சொன்ன முதல் வசனம் அது.) பொய் முறைப்பாடு கொடுத்ததற்காகச் சூசையை மறியலுக்கு அனுப்பப் போகிறாராம்.

ரோசம்மாவின் பல்லிலிருந்து சேலைத் தலைப்பு நழுவியது. சூசை தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கோ பிழை நடந்துவிட்டது என்று தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. 'எனக்கு விளங்கவில்லை துரை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் நாக்கு எழும்பவில்லை.

எழும்பியவன் சவிரிதான். எதிரிக் கூண்டிலிருந்து கையை நீட்டினான்.

"ஐயா, அண்ணன் பொய் சொல்லேல்லை. நான்தான் அடிச்சனான். துடுப்பால அடிச்சனான். பிடிக்கிறதெண்டா என்னைப் பிடியுங்கோ. அவரை விடுங்கோ."

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். துரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடி வாங்கியவர் சண்டையே இல்லை என்கிறார். அடித்தவன் அடித்தேன் என்கிறான்.

வேறொரு வழக்குக்காகக் காத்திருந்த வயதான வழக்கறிஞர் ஒருவர், வாயில் அடைத்திருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு எழுந்தார். துரையிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். பிறகு சபைக்குத் தமிழில் விளக்கினார். வாசலில் நின்ற பொலிஸ்காரர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். ரோசம்மா கண்ணீரோடு சிரித்தாள். (ஏன் முன்னமே எழும்பவில்லை என்று அந்த வழக்கறிஞரைப் பிறகு கேட்டேன். "இன்னும் கொஞ்சம் கேப்பம் எண்டுதான் தம்பி" என்றார்.)

சூசை மட்டும் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கைத் தொடரப் போகிறாரா என்று துரை வழக்கறிஞர் மூலம் கேட்டார்.

"அடிச்சதும் இவன்தான். எனக்காக மறியலுக்குப் போக எழும்பினதும் இவன்தான். இனி நான் என்னத்தை முறையிடுறது? வழக்கை விடுறன். ஆனா வள்ளத்தை விக்க மாட்டன் எண்டு அவனுக்குச் சொல்லுங்கோ."

"பக்கத்திலதானே நிக்கிறான். நீங்களே சொல்லுங்கோ" என்றார் வழக்கறிஞர்.

சூசை தம்பி பக்கம் திரும்பினார். "வா, வீட்ட போவம்" என்றார்.

பின்னேரம் துரை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் எதிரே இருந்த கதிரையைக் காட்டினார். அரசாங்கப் பரீட்சைக்காகத் தமிழ் படிப்பதாகவும், சில சந்தேகங்கள் இருப்பதாகவும் சொன்னார். 'நான் வந்து அங்க போகேல்லை' என்று ஒரு சாட்சி சொன்னானாம். அவன் வந்தானா, போகவில்லையா? 'அடிச்சுப்போட்டான்' என்கிறார்களே, அடித்த பிறகு எதைப் போட்டான்? 'செத்துப்போனான்' என்றால், செத்தவன் எங்கே போனான்?

நான் பிறந்தது முதல் பேசிவந்த மொழி. அதிலும் ஒரு சொல் இன்னொன்றோடு சேர்ந்தால் தன் பொருளை விட்டுவிடுகிறது என்பதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. துரை பென்சிலோடு காத்திருந்தார். தெரியாததைத் தெரியாது என்று என்னிடம் கேட்பதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. காலையில் அந்த மனுஷனிடம் ஒரு கேள்வி கேட்க நான் பட்ட வெட்கத்தை நினைத்தேன். "எனக்கும் தெரியாது துரை" என்றேன். அவர் தலையாட்டினார். அன்று ஆங்கிலத்தில் நான் சொந்தமாகச் சொன்ன முதல் சரியான வசனம் அதுதான்.

மறுநாள் நகல் எழுதும் மேசைக்கே திரும்பினேன். சவிரி தலைமன்னாருக்குத்தான் போனான். சூசை கூலிக்கு ஆள் பிடித்து வள்ளத்தை ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து இருவரும் ஒரே வீட்டில் சாப்பிட்டார்கள்.

எனக்குக் கல்யாணம் பேசியபோது தரகர் கொண்டுவந்த பெண் ரோசம்மா. மாப்பிள்ளை யாரென்று கேள்விப்பட்டதும் சூசை நெற்றித் தழும்பைத் தடவினாராம். "அந்தாள் இல்லாட்டி என்ர தம்பி இண்டைக்கு மறியலில. எனக்குச் சம்மதம். ஆனா சீதனப் பேச்சைத் தமிழிலயே பேசுங்கோ" என்றாராம்.

எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் 'சண்டை' என்ற சொல்லைப் பாவிப்பதில்லை. ஒருமுறை என் மூத்த மகள் அயல் வீட்டுக்குப் போய், "அம்மாவும் அப்பாவும் விழுந்திட்டினம்" என்று சொல்ல, அந்த மனுஷி நோவெண்ணெய்ப் போத்தலோடு ஓடிவந்துவிட்டாள்.

சூசையண்ணன் மீன் கொண்டுவரும் நாட்களில், நான் முற்றத்திலும் ரோசம்மா குசினி அடுப்படியிலுமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தால், காரணம் கேட்கமாட்டார்.

"எப்ப விழுந்தனீங்கள்?" என்பார்.

"காலமை அண்ணை" என்று குசினிக்குள்ளிருந்து பதில் வரும். "நான் எழும்பிட்டன். அவர்தான் இன்னும் கிடக்கிறார்."