ஈயம் சார் போட்ட சண்டைகள்

கோபத்துக்குச் சம்பளம் உண்டென்றால், ஈயம் சார் எம்.ஜி. ரோட்டையே விலைக்கு வாங்கியிருப்பார்.

தொண்ணூறுகளில் பெங்களூரில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் அவர்தான் சீனியர். உடம்பில் சேர்ந்துவிட்ட ஈயம், பாதரசம் போன்ற நஞ்சுகளைச் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்துகளை எலிகளுக்குக் கொடுத்துச் சோதிப்போம். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார்.

அவரோடு பிரேசர் டவுனுக்குப் பிரியாணி சாப்பிடப் போனால் பட்டினிதான். அண்டாவுக்குப் பூசியது வெள்ளீயமா, நஞ்சான காரீயமா என்று தெரியாமல் தட்டில் கைவைக்க மாட்டார். கடைக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார்: “துன்றதுக்கு வந்தியா சாமி, ரெய்டுக்கு வந்தியா?”

ஒருமுறை, புது மருந்து ஒன்று எலிகளின் உடம்பிலிருந்து ஈயத்தைக் கொட்டோ கொட்டென்று கொட்ட வைத்தது. டைரக்டர் மைசூர்பாக்கோடு வந்தார். ஈயம் சார் டப்பாவைத் திறக்கவே விடவில்லை.

“உடம்புக்கு வேண்டிய துத்தநாகமும் சேர்ந்து போயிடுச்சு சார்! திருடனைப் புடிக்கச் சொன்னா வீட்டுக்காரனையும் இழுத்துட்டுப் போகுது இது!”

அந்தச் சமயம் பார்த்து பொம்மனஹள்ளியிலிருந்து ஒரு முதலாளி வந்தார். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கும் பட்டறை அவருடையது. ஆட்களுக்கு ஓயாத வயிற்றுவலியாம்.

“அந்த மருந்தைக் குடுங்க சார். குடிச்சிட்டு வேலையைப் பாப்பாங்க.”

மனிதர்களிடமே சோதித்துவிடலாம் என்ற ஆசையில் டைரக்டர் தலையாட்டப் போனார். ஈயம் சார் மேஜையில் அடித்த அடியில் மைசூர்பாக்கு தரைக்குப் போனது.

“எலிக்கே ஒத்துக்காததை மனுஷனுக்கா? மருந்தையும் குடுத்து, அதே புகையிலயும் நிக்க வெப்பியா? கூரை ஒழுகுது, நீ தரையைத் துடைக்கிறே!”

“ஏன் சார் கூவுறீங்க? சொல்ப அட்ஜஸ்ட் மாடி” என்று கன்னடத்தில் சமாதானம் சொன்னார் முதலாளி.

“எதைய்யா அட்ஜஸ்ட் பண்றது? ரத்தத்தையா?”

மறுநாள் காலை பட்டறை வாசலில் நின்று, உள்ளே போன ஒவ்வொருவரிடமும், வயிற்றுவலிக்குக் காரணம் அந்த ஈயப்புகைதான் என்று கத்தினார். காவலாளி பிடித்துத் தள்ளினான். எழுந்து நின்று மறுபடி கத்தினார். ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். ரத்தப் பரிசோதனை, புகைபோக்கி, கைகால் கழுவத் தனியிடம் எல்லாவற்றுக்கும் முதலாளி ஒப்புக்கொண்ட பிறகுதான் உலையில் மறுபடி தீ மூண்டது.

ஈயம் சாருக்குக் கிடைத்த பரிசு, ஆய்வுக்கூடத்திலிருந்து நூலகத்துக்கு மாற்றல். எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அவர் மாறிப்போன அன்று மத்தியானம் ஆய்வுக்கூடத்தில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆளுக்கொரு சாப்பாட்டு டப்பாவோடு, ஒருவர் பின் ஒருவராக நூலகத்துக்குப் போய் நின்றோம்.

“இங்க சாப்பிடக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கே, கண்ணு தெரியல?” என்று கத்திக்கொண்டே, எங்களுக்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.