எட்டு டயருக்கு ஒரு குடை

வண்டன்மேட்டு ஜீப் ஸ்டாண்டில் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியவர் யார் என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். ஜி.டி. மாமாதான். இந்த மலையில் இப்படி ஒரு தொல்லை இதுவரை பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தால் நான் வேறு ஊருக்குப் போய்விடுவேன்.

ஸ்டாண்டை ஒட்டி வெற்றிலைக் கடை வைத்திருக்கிறார். நிஜப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. விபத்து நடந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஜெனரல் டைரியில் எழுதி, நகல் கொடுப்பார்கள். அதைத்தான் ஜி.டி. என்ட்ரி என்போம். இன்சூரன்ஸ்காரன் முதலில் கேட்பது அதைத்தான். மாமா வாயில் வெற்றிலை இல்லாத நேரம் உண்டு. ஜி.டி. இல்லாத நேரம் கிடையாது.

எங்கள் வழக்கம் வேறு. வண்டி உரசினால் இரண்டு டிரைவரும் இறங்கி, ஒருவர் குடும்பத்தை இன்னொருவர் நன்றாகத் திட்டி, பால் இல்லாத கட்டன் சாயா ஒன்று குடித்துக் கை கொடுத்துப் பிரிவோம். சாயா வருவதற்குள் மாமா வந்துவிடுவார். "ரோட்டுல முடிக்காதீங்கப்பா. ஸ்டேஷனுக்குப் போங்க. ஜி.டி. போடுங்க."

ஒருமுறை ஒரு ஆடு என் பம்பரில் முட்டியது. ஆட்டுக்கும் ஒன்றுமில்லை, பம்பருக்கும் ஒன்றுமில்லை. போலீஸ் வரும்வரை இருவரும் நகரக் கூடாது என்றார் மாமா. இருவர் என்றால் நானும் ஆடும். நான் நின்றேன். ஆடு நிற்கவில்லை. "சாட்சி ஓடுது, பிடிங்கடா!" என்று கத்திக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குள் இவரும் ஓடினார்.

இன்னொருமுறை கல்யாணக் கார் சர்ச் கேட்டில் உரசிவிட்டது. மணமக்களை இறங்க விடாமல், போட்டோக்காரரை இழுத்துக் குனிய வைத்தார். அந்த ஆல்பத்தில் முதல் படம் இன்றைக்கும் நம்பர் பிளேட்தான்.

"ஏன் மாமா இப்படி உயிரை வாங்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்: "எங்கக்கா போன ஜீப் கவுந்துச்சு. எல்லாரும் ரோட்டுலயே கை கொடுத்துப் பிரிஞ்சாங்க. அவ இன்னும் நொண்டுறா, மாப்ளே."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

போன ஆடியில் என் முறை வந்தது. கம்பத்திலிருந்து ஏலக்காய் எடுக்க வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு வருகிறேன். ஸ்டாண்டுக்கு முந்தின வளைவில், ஊர் சுற்ற வந்த ஒரு கார் வளைவை வெட்டிக்கொண்டு என் பக்கம் வந்து மோதியது. முன்சீட்டில் இருந்த புஷ்பம் அக்காவுக்கு நெற்றியில் ரத்தம். கார் ஓட்டிய பையன் தங்கம்போல் பேசினான். "ஸாரிண்ணா, என் தப்புதான். போலீஸ் எதுக்கு? நமக்குள்ள முடிச்சுக்கலாம்."

நான் கையை நீட்டிவிட்டேன். நடுவில் மாமா வந்து நின்றார்.

"முதல்ல அக்காவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. அப்புறம் ஸ்டேஷனுக்கு போன் போடு. கையை உள்ள வை."

அக்காவை வேறு ஜீப்பில் ஏற்றிவிட்டு, ஸ்டேஷனுக்கும் போன் போட்டேன். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. எங்கள் ஆட்களுக்கு வழியில் வண்டி கிடந்தால் பொறுக்காது. பத்துப் பேர் சேர்ந்து தள்ளத் தயாரானார்கள். மாமா காரின் பானெட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பிறகு இறங்கி, கடையிலிருந்த சுண்ணாம்பு டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, எட்டு டயரையும் சுற்றிக் கோடு போட்டார். அதன்பிறகே தள்ள விட்டார். தள்ளுமுன் ஆளாளுக்குப் போட்டோவும் எடுத்தார்கள். எல்லாப் படத்திலும் அவரவர் முகம்தான் இருந்தது. டயர் ஒன்றிலும் இல்லை.

அப்போது பையனுக்குப் போன் வந்தது. யாரோ மாமன் போல. பேசி முடித்தவன் வேறு ஆளாகத் திரும்பினான். "இவர்தான் என் சைடுல வந்தாரு. ஜீப்காரங்க ஓட்டுறது தெரியாதா?"

ஜீப் என்றாலே தப்பு எங்களுடையது என்று உலகம் முடிவு செய்து வெகுநாள் ஆகிறது. லைசென்ஸ் போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. சுண்ணாம்பு பால்போல் ஓடத் தொடங்கியது.

எட்டு டயர், ஒரு குடை. மாமா யோசிக்கவில்லை. காரின் முன்டயர் நின்ற கோட்டின்மேல் குடையை விரித்துக் கவிழ்த்தார். அந்தக் கோடு ரோட்டில் என் வண்டி வரவேண்டிய பக்கம் இருந்தது. காற்று தூக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே மழையில் குத்தவைத்து உட்கார்ந்தார். பஸ் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"யோவ், உள்ள என்ன பிள்ளையாரா வச்சிருக்கே?"

"ஜி.டி. வச்சிருக்கேன். போய்யா!"

போலீஸ் வந்து சேரும்வரை மாமா எழவில்லை. வந்த எஸ்.ஐ. குடையைத் தூக்கச் சொன்னார். வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. பக்கத்தில் கார் ஹெட்லைட்டின் கண்ணாடித் தூள். எஸ்.ஐ. பையனைப் பார்த்து மலையாளத்தில் கேட்டார். "இது ஆருடெ வண்டியுடெ டயரா?" பையனுக்குப் போன் மறுபடி அடித்தது. அவன் எடுக்கவில்லை.

உள்ளது உள்ளபடி ஜி.டி.யில் ஏறியது. ஜீப் சரியானது. புஷ்பம் அக்காவின் வைத்தியமும் அந்தக் கார் இன்சூரன்ஸில் முடிந்தது. என் லைசென்ஸ் என் பையிலேயே இருக்கிறது.

மாமா மட்டும் காய்ச்சலில் படுத்துவிட்டார். ரொட்டியும் கோபமுமாகப் போனேன்.

"குடைக்குள்ள பாதி உடம்பையாவது வச்சிருக்கலாம்ல மாமா? அறிவு வேண்டாம்?"

போர்வைக்குள்ளிருந்து சிரித்தார். "சுண்ணாம்பு நனைஞ்சா கரைஞ்சிரும் மாப்ளே. நான் கரைவனா? அத விடு. ஜி.டி. நகல் வாங்கிட்டியா?"

கரைய மாட்டார். எனக்கும் தெரியும். இருந்தாலும் அன்றிலிருந்து என் ஜீப்பில் இரண்டு குடை வைத்திருக்கிறேன்.