துருவத்து வீட்டுக்குப் பால் காய்ச்சிய கதை

வீட்டுக்கு மூளை வைக்கப் புறப்படுகிறவன், முதலில் தன் தலைக்குள் அது இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. குளிர்காலத்தில் சூரியனே எட்டிப் பார்க்காத ஒரு வட துருவ ஊரில் புதுக் குடியிருப்பு ஒன்று எழும்ப இருந்தது. அதற்கு மாதிரியாக எங்கள் வளாகத்தில் ஒரு வீடு கட்டினோம். அடுப்பு, ஜன்னல், கதவு எல்லாம் தாமாக யோசித்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும். யோசிக்க வைத்தவன் நான். (இதை நான் சொல்லாத ஆளே அந்த ஊரில் இல்லை. பேக்கரிக்காரிக்கும் தெரியும்.) துருவத்து மேயர் அம்மா தன் ஆட்களோடு பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடிக்காவிட்டால் என் வேலை போகும். வேலையோடு விசாவும் போகும்.

இந்த நேரம் பார்த்து கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து என் அக்கா வந்து சேர்ந்தார்.

"புது வீட்டுக்கு ஆக்களைக் கூப்பிட்டிட்டுப் பால் காய்ச்சாமல் விடுறதோ? ஐசுக்குள்ள கட்டினாலும் வீடு வீடுதான்ரா."

"ஓம் அக்கா, நீங்களே வந்து காய்ச்சுங்கோ" என்றேன். பண்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரான பேராசிரியரும் உருகிவிட்டார்.

ஜனவரி மாதம், வெளியே பனி. விருந்தினரை வாசலிலேயே மறித்தேன். "கோட்டு, சப்பாத்து எல்லாவற்றையும் கழற்றுங்கள். இங்கே குளிரை மறந்துவிடலாம்." பாவம், நம்பிக் கழற்றினார்கள்.

அக்கா சேலை கட்டி, புதுச் சட்டியில் பாலை வைத்தார். நுரைத்து விளிம்புக்கு வந்ததும் அடுப்பு தானாக அணைந்தது. திரும்பப் போட்டார், திரும்பவும் அணைந்தது. மேயர் அம்மா மெச்சித் தலையாட்டினார். அக்காவின் முகம் கறுத்தது.

"தம்பி, உன்ர அடுப்பு பாலைப் பொங்க விடுதில்லை. இது கூடாத சகுனமடா."

"பொறுங்கோ அக்கா, நான் சொன்னா அது கேக்கும்."

லாப்டாப்பைத் திறந்து, சபை பார்க்க, பொங்க வந்தால் அடுப்பை அணைக்கும் அந்தக் காவலை நீக்கினேன். பால் பொங்கி வழிந்தது. அக்கா கும்பிட்டார், விருந்தினர் கைதட்டினார்கள். வழிந்த பால் கொதிக்கிற அடுப்பில் கருகிப் புகை எழும்பியது.

"தீ. உடனே வெளியேறுங்கள்" என்றது வீடு. (குரலைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். தாலாட்டுகிற குரல்.)

ஜெர்மனியில் தீ அலாரம் அடித்தால் உயிரைத் தவிர வேறெதையும் தூக்கக் கூடாது. பேராசிரியர் கைகாட்ட, எல்லோரும் வரிசையாக வெளியேறினோம். கடைசியாக அக்கா, பால் சட்டியோடு. அவர் படி இறங்கியதும் கதவு பூட்டிக்கொண்டது. எரிகிற வீட்டுக்குள் ஒருவரும் திரும்பி ஓடிவிடக் கூடாதென்று அப்படி ஏற்பாடு செய்த புண்ணியவானும் நான்தான்.

"திறவுங்கள்" என்றார் பேராசிரியர்.

"லாப்டாப் உள்ளே இருக்கிறது."

"கைப்பேசி?"

"கோட்டுப் பையில்."

துருவத்திலிருந்து வந்த மேயர், டிரெஸ்டன் பனியில் காலுறையோடு நிற்கிறார்!

"இந்தாங்கோ, சட்டியைப் பிடியுங்கோ, சூடாக் கிடக்கு" என்று அக்கா அவரிடம் நீட்டினார்.

மேயர் அம்மா சிரித்துவிட மாட்டாரா என்று பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"எங்கள் ஊரில் இது நடந்திருந்தால், தீயணைப்பு வண்டி வருவதற்குள் நாங்கள் விறைத்துச் செத்திருப்போம்" என்றார் மெதுவாக. "அங்கே வெளியே நிற்பவரை உள்ளே விடுவதற்குத்தான் வீடு."

அந்த நிமிடம் வரை எனக்கு அது தோன்றவே இல்லை. வெட்கம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு தெரு முழுக்க இந்தக் கதவைப் பொருத்த இருந்தேனே!

தீயணைப்புக்காரர்கள் வந்து கதவை நெம்பித் திறந்தார்கள். அந்த ஊர் எங்கள் வீடுகளை ஏற்றுக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. கதவுக்கு மூளை கூடாது, கைப்பிடி போதும். கைப்பிடி பொருத்தும் வேலை என் தலையில் விழுந்ததால் விசா தப்பியது.

மானம் தப்பவில்லை. சொந்தத்தில் யார் புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போனாலும், பால் பொங்கி முடியும்வரை என்னை வெளியில் நிறுத்திவைப்பதை அக்கா சம்பிரதாயமாகவே ஆக்கிவிட்டார். போன மாதம் நானே ஒரு வீடு வாங்கினேன். என் வீட்டில் பால் பொங்கியதை நான் தோட்டத்தில் நின்று, ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.